ஸ்கூட்டருக்குச் சொன்ன சரி

என் தம்பி மனைவியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் பேங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் ஹலோக்காதான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் "ஹலோ, கேக்குதா? ஹலோ, கேக்குதா?" என்று ஆரம்பித்தால் கடை சாத்துகிறவரை அதே பாட்டு. நான் மட்டும் "அடியே" என்பேன். நான் அவளுக்கு நாத்தனார். அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

கடை ஒன்று, தொழில் இரண்டு. முன்பக்கம் வெளிச்சம் விழுகிற இடத்தில் என் தையல் மிஷின். ஜிப் மாற்றுவேன், பேன்ட் நீளம் குறைப்பேன், இடுப்பைப் பிடிப்பேன், பிடித்த இடுப்பை அடுத்த வருஷம் விட்டும் கொடுப்பேன். பின்பக்கம் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒட்டுப்பலகையில் அடித்த மூன்று பூத். ஒவ்வொரு பூத்திலும் ஒரு ஸ்டூல், ஒரு போன், ஒரு கண்ணாடிக் கதவு. கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே வராது என்று தச்சர் சத்தியம் செய்துவிட்டுப் போனார். உள்ளே பெருமூச்சு விட்டால் என் மிஷின் வரைக்கும் கேட்கும். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

இப்போது அவரவர் கையிலேயே முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். நான் சொல்வது அதற்கு முந்திய கதை. அன்றைக்கு வெளிநாட்டுக்குக் குறைந்த செலவில் பேச வேண்டுமென்றால் எங்கள் தெருவில் இந்தக் கடைதான். "நெட்ல போகுது அண்ணி, அதான் மலிவு" என்பாள். எனக்குப் புரிந்த வரையில், நம் குரல் நேராகப் போகாமல் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போய்ச் சேர்கிறது. சுற்றிப் போவதால் செலவு குறைவு, சுற்றிப் போவதால் தாமதமும் உண்டு. "நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிடலாம்.

அந்தக் கொட்டாவி நேரத்தில் எத்தனை குடும்பத்தில் கலகம் வந்திருக்கிறது என்கிறீர்கள்! பலசரக்குக் கடைக்காரரின் மனைவி ஒரு நாள் மகனிடம் மூச்சுவிடாமல் கேட்டாள். "சாப்பிட்டியாடா? உடம்பு நல்லாருக்கா? அந்தப் பொண்ணுகூட இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கியா?" அவன் சாப்பாட்டுக்குச் சொன்ன "ஆமாம்மா" சுற்றிக்கொண்டு வந்து சரியாக அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது. அவள் பூத்துக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து, மறுபடியும் போன் போட்டு, அவன் வாயாலேயே சத்தியம் செய்யவைத்து அனுப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றைக்குத்தான் ஹலோக்கா சட்டம் போட்டாள். "ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. கேட்டுட்டு கடைசியில 'சொல்லுங்க'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. அந்தப் பக்கமிருந்து பதில் வந்து, அவங்களும் 'சொல்லு'ன்னு சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு." உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் இதை ஒப்பிப்பாள். பழகிப் பழகி அது தெருவுக்கே பரவிவிட்டது. எதிர்வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் சண்டை போடும்போதுகூட "உங்கம்மா செஞ்சது நியாயமா? சொல்லுங்க" என்று முடித்துவிட்டுக் காத்திருப்பாள் அவள். என் தம்பிக்கும் இந்தப் பயிற்சி உண்டு. வெளிநாட்டில், எட்டாத தூரத்தில் இருந்தாலும் கட்டின பெண்டாட்டி போட்ட சட்டமில்லையா!

தாமதத்தால் பிழைத்தவர் ஒரே ஒருவர். பழைய மிஷின்களை வெளிநாட்டிலிருந்து வாங்கி விற்கிறவர், இரண்டாம் பூத்தின் நிரந்தர வாடிக்கை. அங்கிருந்து விலை சொல்வார்கள். இவர் பதறியடித்துக்கொண்டு "சரி சரி" என்பார். அது போய்ச் சேருவதற்குள் அந்தப் பக்கத்து ஆள், இவர் யோசிக்கிறார் என்று பயந்து தானாகவே விலையை இறக்கிவிடுவான். "ஹலோக்கா, உங்க லைனை மட்டும் சரி பண்ணிடாதீங்க, நான் தெருவுக்கு வந்துடுவேன்" என்பார். அவள் சிரிப்பாள். அவள் சிரித்துப் பார்ப்பது அந்த மாதிரி நேரத்தில்தான்.

ஏனென்றால் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை அது. போனை அழுத்தி அழுத்தி இடது காதுமடல் கன்றிப்போயிருக்கும். நாள் முழுக்க அடுத்தவர்களின் அழுகையையும் ஏக்கத்தையும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், அங்கே தண்ணீர் மோட்டார் ஓடாது, மகளுக்குக் காலேஜில் கையெழுத்து வேண்டும், கீழ்வீட்டுக்காரர் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று வாசலில் நிற்பார். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். யாராவது நேரில் ஏதாவது கேட்டால்கூட, லைனில் பேசுகிற பழக்கத்தில், ஒரு கணம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். தெரியாதவர்கள் திமிர் என்பார்கள்.

என் தம்பி வெளிநாட்டில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். மகள் தவழ்கிற காலத்தில் போனவன். அவளுக்குத் தாவணி வயசும் தாண்டி அப்போது காலேஜ். இடையில் லீவுக்கு வருவான், போவான். கடைசியாக வந்தபோது பாத்ரூம் விளக்குக்கு எது சுவிட்ச் என்று தினமும் கேட்டான். துண்டைக்கூடக் கேட்டுத்தான் எடுத்தான். மகளும் அவனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் மாதிரி, டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். லீவு முடிய நாள் இருக்கும்போதே பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டான். அதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அவள் மேஜை இழுப்பறைக்குள் இன்னொரு போன் உண்டு. அது நேர் லைன். பேசினால் பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல உடனுக்குடன் கேட்கும். செலவும் அதற்கேற்றபடி கண்ணைக் கட்டும். சாவுச் செய்தி சொல்ல வருகிறவர்களுக்கு மட்டும் அதை எடுத்து வைப்பாள், மலிவு லைனின் காசுதான் வாங்குவாள். "உனக்கென்ன பைத்தியமாடி? கையிலிருந்து போட்டுத் தொழில் பண்ணுவாங்களா யாராச்சும்?" என்று நான் கத்துவேன். "அந்த மாதிரி நேரத்துல யாரையும் காக்க வைக்கக் கூடாது அண்ணி" என்பாள். தனக்கென்று ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. புருஷனோடு பேசுவதும் எல்லோரையும் போல மலிவு லைனில்தான்.

அன்று காலையிலிருந்தே லைன் சரியில்லை. விட்டு விட்டு வந்தது. மூன்று பூத்திலும் ஆட்கள் கதவைத் திறந்து திறந்து அவள்மேல் பாய்ந்தார்கள். சாயங்காலம் கூட்டம் ஓய்ந்ததும் மேஜையில் தலையைச் சாய்த்தபடியே தம்பிக்குப் போன் போட்டாள். நான் ஒரு காலர் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"உங்க மக ஸ்கூட்டர் கேட்டு உயிரை எடுக்குறா, வாங்கிக் கொடுக்கவா?" என்றாள். அங்கே ஒரு "சொல்லுங்க" போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அதே மூச்சில், "அங்க மறுபடியும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்குறாங்கன்னீங்களே, போடாதீங்க. போதுங்க. வந்துடுங்க. என்னால முடியல" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பக்கமிருந்து வந்தது: "சரி... சரிம்மா." அத்தோடு லைன் கட்டாகிவிட்டது.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, வர்றாராம்." அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மகள் பிறந்த அன்றைக்குப் பார்த்தது. நான் காலரைத் தப்பாகத் தைத்துவிட்டேன், பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா! மறுநாளே தச்சரை வரவழைத்து மூன்றாவது பூத்தைப் பிரிக்கச் சொன்னாள். அந்த மூலையில் தம்பிக்கு ஒரு மேஜை. கேட், கிரில், ஜன்னல் கம்பிக்கு அவன் அங்கே உட்கார்ந்து ஆர்டர் எடுப்பான். வெல்டிங் வேலைக்குப் பின்பக்கத்துக் காலி இடம். கடைக்குச் சொந்தக்காரரிடம் பேசித் தலையாட்டவும் வைத்துவிட்டாள். மகளுக்கு ஸ்கூட்டரும் வந்தது. பிரித்த பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். என் தம்பியோடு அடுத்தடுத்துப் பேசியபோது இந்தப் பேச்சையே எடுக்கவில்லை அவள்.

"எப்ப வர்றான்னு தேதி கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"வர்றேன்னு சொன்ன மனுஷனைத் திரும்பத் திரும்பக் கேட்டா, சந்தேகப்படுற மாதிரி இருக்கும் அண்ணி. அவரா சொல்லட்டும்."

அவன் சொல்லவில்லை. சொன்னது, அவனோடு வேலை பார்க்கிறவனின் மனைவி. முதல் பூத்தில் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தவள், ரவிக்கைக்கு அளவு கொடுக்க என்னிடம் நின்றாள். நின்ற வாக்கில், "நல்ல வேளை ஹலோக்கா, எங்க வீட்டுக்காரர் மட்டும் தனியா கையெழுத்து போடல. உங்க வீட்டுக்காரரும் கூடவே போட்டாராம். ஒருத்தருக்கொருத்தர் துணை" என்றாள். என் கையிலிருந்த டேப் கீழே விழுந்தது.

ஹலோக்கா வழக்கம்போல ஒரு கணம் அவளையே பார்த்தாள். "எப்ப போட்டாங்க?"

"போன வாரம். இந்த மாசக் கடைசிக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா விட்டுடுவாங்களாம். ஆனா யாரு அப்படி எழுதிக் கொடுக்கப் போறாங்க?" என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள். எனக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. இவளோ மேஜைக்குப் போய், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு திடீரென்று சிரித்தாள்.

"அண்ணி, நான் ரெண்டு கேள்வி கேட்டுட்டேன்."

"என்னடி உளர்ற?"

"அன்னைக்கு. 'சொல்லுங்க' சொல்லாம ரெண்டையும் சேர்த்துக் கேட்டுட்டேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு நானே கேட்டுட்டேன். அவர் சொன்ன சரி ஸ்கூட்டருக்கு. மத்தது போய்ச் சேர்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. நான் கூப்பிட்டதே அவருக்குக் கேட்டிருக்காது."

"அதானே!" என்று நானும் பிடித்துக்கொண்டேன். என் கூடப் பிறந்தவன் அப்படிச் செய்வானா? பாழாய்ப்போன லைன் செய்த வேலை. பலசரக்குக் கடைக்காரியின் கதைதான். வாய் வலிக்க லைனைத் திட்டினேன். திட்டத் திட்ட எங்கள் இருவருக்கும் மனசு லேசானது. அதோடு மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. கேட்கவில்லையென்றால் திரும்பக் கேட்டால் போயிற்று. "வந்துடுங்க" என்பது அவன் காதில் ஒழுங்காக விழுந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவான்.

மறுநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம். இழுப்பறையைத் திறந்து அந்தப் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நேர் லைனா?" என்றேன்.

"ஆமா. இந்த ஒரு தடவை. கேட்டுச்சா கேக்கலையான்னு யாருக்கும் குழப்பம் வேண்டாம்." ஸ்பீக்கரைப் போட்டாள். "நீங்களும் பக்கத்துல வந்து கேளுங்க. நாளைக்கு உங்க தம்பியைப் பத்தி நான் ஏதோ இட்டுக்கட்டிச் சொல்றேன்னு வந்துடக் கூடாது."

"வாயைப் பாரு" என்றேன். ஆனாலும் மிஷினை விட்டு எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"ஹலோ."

"ஹலோ, சொல்லு."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. தம்பி அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று பேசுவது போலிருந்தது. எந்த லைன் என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. வழக்கம்போலவே ஆரம்பித்தாள்.

"சாப்பிட்டீங்களா? சொல்லுங்க."

"சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? சொல்லு." அவள் வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது பதில்.

"ஆச்சு. ஸ்கூட்டர் வாங்கியாச்சு. சொல்லுங்க."

"நல்லது. மெதுவா ஓட்டச் சொல்லு. பிரேக்கெல்லாம் சரியா இருக்கான்னு பார்த்தியா? சொல்லு."

"பார்த்தேன்." அவள் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஸ்கூட்டர் கேட்ட கையோட, கையெழுத்து போடாதீங்க, வந்துடுங்க, என்னால முடியலன்னு சொன்னேன். அது உங்களுக்குக் கேட்டுச்சா? சொல்லுங்க."

பதில் இல்லை.

அவன் அறையில் ஃபேன் கடகடக்கிற சத்தம் கேட்டது. யாரோ பக்கெட்டை நகர்த்தினார்கள். அவன் மூச்சு இழுத்து விட்டதுகூடத் துல்லியமாகக் கேட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கிறது. அன்றைக்கும் கேட்டிருக்கிறது. அந்தப் பாவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"ஹலோ?" என்றான் தம்பி. "ஹலோ? ஹலோ? உன் குரல் லேட்டா வருது. ஒண்ணும் விளங்கல. லைன் சரியில்ல போலிருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டேய், இது நேர் லைன்டா, படுபாவி" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பாய்ந்து போனை எடுக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை மெலிந்த கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, நகரவே முடியவில்லை. என்னைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மலிவு லைனில் எவ்வளவு தாமதம் ஆகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஆமாங்க. இங்கயும் அப்படித்தான் இருக்கு. லைன் சரியில்ல."

"அப்போ வைக்கவா?"

மறுபடியும் அதே அளவு காத்திருந்தாள். "வைங்க. உடம்பைப் பார்த்துக்கங்க."

போனை வைத்ததும் நான் வெடித்துவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவன் பிறந்த நேரத்திலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் திட்டினேன். எனக்கு அழுகையும் வந்தது. சொந்தத் தம்பியை நினைத்து அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. "என் கையை எதுக்குடி பிடிச்ச? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேன்ல? வேற எவளாச்சும் இருப்பாளோ அங்க?"

"அதெல்லாம் இல்ல அண்ணி. பொம்பளை இருந்தா இவ்வளவு பயந்து பேச மாட்டார்." போன் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இங்க வந்தா என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியல. போன தடவை வந்தப்பவே எனக்குத் தெரியும். நீங்களும் பார்த்தீங்க. அவருக்கு வீடுன்னா இப்ப அந்த ஃபேன் சத்தம்தான்."

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே அவன்? வர முடியாது, பயமா இருக்குன்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"சொல்லிட்டா அப்புறம் அவர் எப்படி எனக்குப் போன் பண்ணுவார்? நான் எப்படி எடுப்பேன்?" அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சாக்குச் சொல்ல அவருக்கு இருக்கிறது அந்த லைன் ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கிக்கணுமா?"

அவள் நேர் லைன் போனை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். "எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு, யாரோ கதவைத் தள்ளுகிற சத்தம் கேட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பழைய மிஷின்காரர் வந்திருந்தார்.

"லைன் எப்படி இருக்கு ஹலோக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டாம் பூத்துக்குப் போங்க."

மாசக் கடைசி வரைக்கும் பலகைகள் சுவரோரம் அப்படியே சாய்ந்திருந்தன. அவற்றைத் தாண்டித்தான் தினமும் போய் வந்தோம். இரண்டு முறை தம்பியோடு பேசினாள், மலிவு லைனில். சாப்பாடு, மழை, ஸ்கூட்டர். ஒன்றைக் கேட்டு, "சொல்லுங்க" சொல்லி, காத்திருந்து, அடுத்ததைக் கேட்டாள். பதில் வரத் தாமதமானபோதெல்லாம் நான் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பேன். அவள் என் பக்கம் திரும்பவே மாட்டாள். அவன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததாக ஒரு தகவலும் வரவில்லை.

மாசம் பிறந்ததும் தச்சரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தான் பிரித்துப்போட்ட பலகைகளைப் பார்த்தார். அந்த மூலையில் தம்பிக்காக வாங்கிப் போட்டிருந்த மேஜையையும் பார்த்தார்.

"ஏம்மா, பிரிக்கிறதா, கட்டுறதா? ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் எரிச்சலாக.

ஹலோக்கா வழக்கம்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது கொஞ்சம் அதிக நேரமாகவே இருந்தது. தச்சர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஊசியில் நூல் கோத்தேன்.

"கட்டிடுங்க" என்றாள்.